நெஞ்சுக்குச் சம்மதம்

மாரடைப்பில் கிழிந்துபோன வேலுமணியின் இதயச் சுவரை நெஞ்சைத் திறக்காமலேயே அடைத்துவிட்டார்கள். தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக உள்ளே போன அந்தச் சின்ன மூடிக்குக் காதும் இருந்தது, வாயும் இருந்தது. அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறினால் அது கூவும். மனைவி கோகிலவாணி "சரிங்க" என்றால் அடங்கும். மருத்துவமனை இதற்குக் 'குடும்ப ஒத்துழைப்பு' என்று அழகாகப் பெயர் வைத்திருந்தது.

அந்த ஒத்துழைப்பின் புண்ணியத்தில் ஏழு மாதமாக அவர் ஒரு வாதத்திலும் தோற்கவில்லை.

அன்று கோகிலவாணிக்குக் கோவையில் வேலைக்கான உத்தரவு வந்தது. திங்கட்கிழமை சேர்ந்தாக வேண்டும்.

"அதெல்லாம் வேண்டாம் புள்ள. எனக்கு ஆரு சோறாக்கிப் போடறது?" என்றார் வேலுமணி.

மூடி கூவத் தொடங்கியது. அவளுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று அவர் மேல்சட்டைப் பொத்தானையும் கழற்றிவிட்டார்.

"நான் போய்த்தான் ஆவேன், சரிங்களா?" என்றாள் அவள்.

கூவல் சட்டென்று நின்றது. இருவரும் அவருடைய நெஞ்சையே பார்த்தார்கள்.

"நீ எங்க புள்ள ஒத்துக்கிட்டே?" என்று அவர் கத்தினார். மூடி மறுபடியும் கூவியது.

"சோத்த நீங்களே ஆக்கிக்கோங்க, சரிங்களா?"

மூடி அடங்கியது.

"பாருங்க, உங்க நெஞ்சுக்கே சம்மதமாம்" என்றபடி அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.