முன்வரிசை விருந்தாளி

“அக்கா, ரொவீனா இன்னும் வரலை! அதுக்குள்ள அவர் வந்துட்டார்!”

ஹாலின் அந்தக் கோடியில், ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு டிண்டோ சொன்னான். வாயில் பாதி டூரோன், பொரித்த வாழைப்பழச் சுருள். அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மேடையோரம் நின்ற மாரிவிக்குக்குத் தெளிவாகப் புரிந்தது.

காலையிலிருந்து எல்லாம் அவள் நினைத்ததைவிட நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. மணிலாவில் அவர்கள் சங்கம் நடத்தும் முதல் பெரிய மாநாடு. செபுவிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்கள், தவாவோவிலிருந்து பறந்து வந்தவர்கள் என்று அறுநூறு பேர். பழைய தோழிகள் கட்டிப்பிடித்துக் கொண்டார்கள். அரட்டைக்கு முடிவே இல்லை. சக்கர நாற்காலிக்காரர்களுக்குச் சாய்தளம், பார்வை இல்லாதவர்களுக்குக் கூடவே ஒரு துணை என்று எதையும் அவள் மறக்கவில்லை. யாரும் ஓரமாக உட்காரும்படி ஆகிவிடக்கூடாது என்று மாதக்கணக்கில் எல்லோரையும் விரட்டி வேலை வாங்கியிருந்தாள்.

கடைசி நேரத்தில் இப்படி. ‘எட்சா சாலையில் மழை. பஸ் நகரவே இல்லை’ என்று ரொவீனாவிடமிருந்து போனில் தகவல் வந்திருந்தது.

வந்தவர் நகர சபை உறுப்பினர் சால்செடோ. மாரிவிக் ஓடிப்போய்க் கைகுலுக்கினாள். அவர் ஏதோ சொன்னார், அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் சொன்னது அவருக்குப் பிடிபடவில்லை. இருவரும் சிரித்து வைத்தார்கள். அவரை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு வந்தாள்.

“எழுதிக் காட்டினா போதாதா, அக்கா?” என்றான் டிண்டோ.

“நாலு பேர் பேசறாங்க, நாடகம் வேற இருக்கு. அத்தனையும் எழுத நீ உட்காருவியா?”

“ஐயோ, என் கையெழுத்தா? அதுக்கே தனியா ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும். ஆனா ஒருத்தருக்காக இத்தனை பேரும் காத்திருக்கணுமா? பன்சிட் நூடுல்ஸ் ஆறிப்போனா சமையல்கார மாமா என் தோலை உரிச்சிடுவார்.”

“அடுத்த வாரம் நம்ம கோரிக்கை சபைக்கு வருதுடா. இன்னிக்கு அவர் மனசுல தைக்கணும்.”

“தைக்கும், தைக்கும். ஆள் இப்பவே கொட்டாவி விடறார் பாரு.”

முன்வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்கத்துத் தோழி நேனா அவர் தோளைத் தட்டி, கையால் குடிப்பதுபோல் காட்டி, ஜூஸ் மேசையைச் சுட்டினாள். மேசை மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. தன்னைத்தான் மேடைக்கு அழைக்கிறார்கள் என்று நினைத்து அவர் விறுவிறுவென்று படியேறிவிட்டார். ஹால் முழுக்கச் சிரிப்பு. அவரும் கொஞ்சம் தாமதித்துச் சிரித்துக்கொண்டே இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

அந்தச் சிரிப்பை மாரிவிக்குக்கு நன்றாகத் தெரியும். ஒன்றும் புரியாமல், புரிந்ததுபோல் காட்டிக்கொள்ளும் சிரிப்பு. அவளால் தாங்க முடியவில்லை. நேரே மேடை ஏறினாள்.

“கொஞ்சம் பொறுத்துக்குங்க! நம்ம விருந்தாளி ஒருத்தருக்குத் துணைக்கு வர வேண்டிய ஆள் இன்னும் வரலை. அவரை விட்டுட்டு ஆரம்பிக்க எனக்கு மனசில்லை.”

சிலர் முகம் சுளித்தார்கள். பின்வரிசையில் தவாவோக்காரர் ஒருவர் எழுந்தார்.

“நாங்க காத்திருக்கோம், தங்கச்சி! நம்மளை விட்டுட்டு எத்தனை பேர் ஆரம்பிச்சிருக்காங்க! அதை நாம ஏன் இன்னொருத்தருக்குச் செய்யணும்?”

சட்டென்று ஹால் முழுக்கக் கைகள் உயர்ந்தன. மாரிவிக்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அப்போதுதான் கதவு திறந்தது. ரொவீனா! தெப்பலாக நனைந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“பாதி வழியில பஸ்ஸை விட்டுக் குதிச்சு, முன்னபின்ன தெரியாத ஒருத்தர் பைக்ல ஏறிட்டேன்!”

“பைக் ஓட்டினவர் பேரையாவது கேட்டியா? நாளைக்கு அவருக்கும் ஒரு மாலை போடலாம்!” என்று டிண்டோ குதித்தான்.

ரொவீனா முன்வரிசைக்குப் போய் சால்செடோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாரிவிக் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு, இரண்டு கைகளையும் உயர்த்தினாள். அவள் விரல்கள் பேசத் தொடங்கின. நூற்றுக்கணக்கான கண்கள் அந்த விரல்களிலேயே பதிந்தன.

அவற்றைப் பார்த்துப் பார்த்து ரொவீனா சால்செடோவின் காதோரம் குனிந்து, வாய் திறந்து சொல்லிக்கொண்டே போனாள்; அவர் முகம் மலர்ந்தது. வந்திருந்த விருந்தாளிகளில், பாவம், அவர் ஒருவருக்குத்தான் காது கேட்கும்.