மேலிருந்து மூன்றாவது கோப்பு

"யுவராணி கோப்புல இருந்து உருவிரும்மா," என்றார் ராஜாமணி. "அது எங்க வந்து நம்மளக் கேக்கப் போவுது."

கேட்க வராது. அது ஆக்சிலியாவுக்கும் தெரியும்.

யுவராணிக்கு ஏரியூர் தாண்டி ஊர். பெற்றவர்கள் பெங்களூரில் கட்டட வேலை. மாதா மாதம் அரசு அனுப்பும் ஆயிரம் ரூபாயில்தான் அவள் அறை வாடகையும் தேர்வுக் கட்டணமும் ஓடுகின்றன. அது நின்றால் படிப்பும் நின்றுவிடும்.

பென்னாகரம் சாலையில் இருந்த அந்தக் கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவு என்பது ஒரு பீரோவும் இரண்டு மேசைகளும்தான். ஒன்றில் கண்காணிப்பாளர் ராஜாமணி, எதிரே உதவியாளர் ஆக்சிலியா. தணிக்கைக்கு வந்தவர் முதல்வர் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

எதற்காக உருவ வேண்டும் என்றால், அதில் ஒரு கணக்கு இருக்கிறது.

தணிக்கைக்கு வருகிறவர் வெறுங்கையோடு திரும்ப முடியாது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனால், அங்கே என்னத்தை வாங்கினாய் என்று அவருடைய மேலதிகாரி கேட்பார். ஆகவே அவருக்கு ஒரு குறை வேண்டும். அவராகத் தேட விட்டால் எதைப் பிடிப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் அலுவலகமே ஒரு குறையைத் தயார் செய்து வைக்கும். குறையே இல்லாத கோப்பு ஒன்றிலிருந்து ஒரு தாளை உருவிவிடும்.

எந்தத் தாள் என்பதிலும் விவரம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று. அது இல்லையென்றால் இந்த உதவித்தொகைக்குத் தகுதியே இல்லை. கோப்பில் பக்க எண் போட்டிருப்பதால் நாலுக்குப் பிறகு ஆறு வரும். தேடிக் கஷ்டப்பட வேண்டியதில்லை.

அந்தக் கோப்பை அடுக்கில் மேலிருந்து மூன்றாவதாக வைக்க வேண்டும். முதலாவதாக இருந்தால் வைத்தது தெரிந்துபோகும். அடியில் இருந்தால் அதுவரை அவருக்குப் பொறுமை இருக்காது.

அவர் எழுதிக்கொண்டு போவார். அந்தப் பிள்ளைக்குப் பணம் நிற்கும். பிறகு தாள் கிடைத்துவிட்டது என்று அலுவலகம் பதில் எழுதினால் குறை நீங்கிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை என்பார் ராஜாமணி.

ஆனால் பதில் எழுத வைக்க யாராவது வந்து நச்சரிக்க வேண்டும். போன வருஷம் பிளசி என்ற பெண் இரண்டு தடவை வந்து நின்றாள். தேடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அவள் வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதாகக் கூடப் படித்தவர்கள் சொன்னார்கள்.

"இந்த வருசம் யாரோடதும் வேணாங்க சார்," என்றாள் ஆக்சிலியா. "எல்லாந்தான் சரியா இருக்குதுங்களே."

"சரியா இருக்கறதுதாம்மா பிரச்சினையே." ராஜாமணி சிரித்துக்கொண்டே எழுந்தார். "வேலைக்கு வந்து முழுசா மூணு வருசம் ஆவல, அதுக்குள்ள எனக்குச் சட்டம் சொல்ற. நான் அவரைக் கூட்டியாறதுக்குள்ள முடிச்சு வை."

முடித்து வைத்தாள்.

யுவராணியின் கோப்பை ஒரு தாளும் குறையாமல் டேக் போட்டுக் கட்டி, அடுக்கின் அடியில் செருகினாள். வேறொரு கோப்பைப் பிரித்து ஐந்தாம் பக்கத்தை உருவினாள். உருவிய தாள் வழக்கமாகப் போகும் இடமான ராஜாமணியின் மேசை இழுப்பறையைத் திறந்தாள். அதற்குள் தாளை வைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். கோப்பை மேலிருந்து மூன்றாவதாகச் சேர்த்தாள்.

 

தணிக்கைக்காரர் காளியப்பன் வந்து உட்கார்ந்தார். முதல்வர் பானுமதியும் மரியாதைக்குக் கூடவே வந்து நின்றார்.

முதல் கோப்பு புரண்டது. இரண்டாவதும். மூன்றாவதில் அவர் விரல் நின்றது.

"நாலுக்கு அப்புறம் ஆறு வருதுங்களே. ஸ்கூல் சர்டிபிகேட் காணோம்."

"தேடிப் பாத்து பதில்ல வச்சிடறோங்க சார்," என்றார் ராஜாமணி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

காளியப்பன் பேனாவைத் திறந்தார். வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம்.

"பெயர், அருள்குமார். தகப்பனார் பெயர், ராஜாமணி..."

ராஜாமணி நிமிர்ந்தார்.

அவர் மகன் அங்கேதான் இரண்டாம் ஆண்டு படித்தான். அரசுப் பள்ளியில் படித்து வந்தவன். வருமான வரம்பு இல்லாத உதவித்தொகை என்பதால் அவனுக்கும் முறைப்படியே வந்துகொண்டிருந்தது. எழுதிவிட்டால் என்ன ஆகும், எத்தனை காலம் ஆகும் என்று அந்த அறையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

ஆக்சிலியாவைப் பார்த்தார். அவளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிராதீங்க சார், ஒரு நிமிசம். இங்கதான் இருக்கும்."

இழுப்பறையைச் சரக்கென்று இழுத்துக் கையை விட்டார். மேலே இருந்த தாள் மகனுடையது இல்லை. எடுத்து மேசைமேல் போட்டார். அடுத்ததும் இல்லை. அதற்கடுத்தது பிளசியுடையது. அப்புறம் மாது. கோகிலவாணி. அந்தோணி பிரகாஷ். ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளியின் முத்திரையும் ஒரு பிள்ளையின் படமும் இருந்தன.

முதல்வர் ஒன்றைக் கையில் எடுத்துப் படித்தார். இன்னொன்றையும் எடுத்தார். காளியப்பனின் பேனா எழுதிய இடத்திலேயே நின்றிருந்தது.

அவசரத்தில் ராஜாமணி எதையும் கவனிக்கவில்லை. எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அருள்குமாரின் தாளை ஆக்சிலியா எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்தாள்.