மூட்டை தூக்கிய அப்பா

ஏழையாகப் பிறந்தவனுக்கே ஏழையின் வலி தெரியும் என்று முழங்கினார் அறக்கட்டளைத் தலைவர். தெருவிளக்கில் படித்ததையும், மூட்டை தூக்கி வளர்த்த அப்பாவையும் அவர் சொல்லச் சொல்ல, கட்டட நிதி தருவதாக இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாசலில், தலைவரின் பையைத் தோளில் மாட்டியபடி காரருகே ஒரு பெரியவர் நின்றார்.

"பாவம், உங்க டிரைவரையும் சாப்பிடச் சொல்லுங்க," என்றார் அம்மாள்.

"சொல்றேங்க," என்ற தலைவர் பெரியவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

கார் தெருமுனை தாண்டியதும் பெரியவர் வாய் திறந்தார். "மைக் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சுடா. நான் தூக்கின ஒரே மூட்டை உன் பள்ளிக்கூடப் பைதான். அதுவும் காரிலேருந்து வகுப்பு வரைக்கும்."

தலைவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "மன்னிச்சிடுங்கப்பா," என்றார்.

வீட்டில் இறங்கியபோதும் பையை அப்பாதான் தூக்கி வந்தார்.