புது அதிகாரி வீட்டுக் காப்பி

"சர்க்கரை போடட்டுமா, வேண்டாமா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

அடுப்பில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க் காப்பிக்குத் தூள் விழுவதற்கு முன்பே சர்க்கரை விழுந்துவிட வேண்டும். பிறகு மனசு மாறிப் பிரயோஜனம் இல்லை. நல்ல செய்தி என்றால் இனிப்பு, சாவு என்றால் வெறும் கசப்பு.

"இது என்னடி கேள்வி? தாராளமாப் போடு. என் புருஷன் போலீஸ் தலைவர் ஆகியிருக்கார்" என்றாள் வதாத் அக்கா.

அவள் புருஷன் காணாமல் போய் ஆறு வருடம் ஆகிறது.

காலையில் பெய்ரூட் வானொலிதான் சொன்னது. சண்டை ஓய்ந்த பிறகு எங்கள் மலை வட்டாரத்துக்கு முதல் போலீஸ் தலைவர், கேப்டன் நசீப். அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சேர்த்துச் சொன்னார்கள். வேறு ஆளாக இருக்க வழியே இல்லை.

சிரிப்பதா அழுவதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கோடை முழுக்க இந்த நியமனம் ஒரு கூத்தாக நடந்துகொண்டிருந்தது. மேல் ஊர்க்காரர்கள் ஒரு பெயரைச் சொன்னால் கீழ் ஊர்க்காரர்கள் காறித் துப்புவார்கள். இவர்கள் சொன்னால் அவர்கள். இரண்டு பக்கத்தாரும் துப்பாக்கியைத்தான் பரணில் போட்டிருந்தார்கள், வாயைப் போடவில்லை.

அத்தானுக்கு அப்பா மேல் ஊர், அம்மா கீழ் ஊர். அதுதான் அவருக்கு வினையானது. இரண்டு பக்கமும் பேசிப் பார்க்கிறேன் என்று ஒருநாள் பாலத்துக்குப் போனார். வரவில்லை.

"கீழ இருக்கறவனுங்கதான் பிடிச்சு வெச்சிருக்கானுங்க" என்றார் மேல் ஊர்த் தளபதி அபூ வஜீஹ். "மேல இருக்கறவனுங்கதான்" என்றார் கீழ் ஊர்த் தளபதி ரைமோன். அக்கா இரண்டு வாசலுக்கும் மாறி மாறி நடந்து செருப்பைத் தேய்த்தாள். துக்கத்துக்கான கறுப்பு மட்டும் உடுத்தவில்லை.

"வெச்சிருக்கறவங்க இப்ப விடப்போறாங்கடி. இல்லேன்னா அவர் பேரை எதுக்குச் சொல்லணும்?" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. சர்க்கரையைப் போட்டேன்.

கூட்டம் வந்தபடி இருந்தது. ரொட்டிக்கடை சாமியா காப்பியைக் குடித்துவிட்டு, கோப்பையை வைக்கும்போது "தாய்மே!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். இந்த வீட்டில் காப்பி என்றைக்கும் இருக்கட்டும் என்று அர்த்தம். குடித்த கோப்பையை வைத்தால் எங்கள் நாக்கு அதைத் தானாகச் சொல்லிவிடும். துக்க வீட்டில் மட்டும்தான் பல்லைக் கடித்து நிறுத்திக்கொள்ள வேண்டும். போன வருடம் என் மாமியார் ஒரு துக்க வீட்டில் மறந்துபோய்ச் சொல்லித் தொலைத்தார். அந்தக் குடும்பம் இன்னும் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

மதியத்துக்கு மேல் ஒரு கார் வந்தது. அதிலிருந்து அபூ வஜீஹும் ரைமோனும் இறங்கினார்கள்.

ஒரே காரிலிருந்து!

தெருவே ஜன்னலில் தொங்கியது. ரைமோன் புதுச் சீருடையில் இருந்தார். அபூ வஜீஹின் தோளிலும் நட்சத்திரம் மின்னியது.

"வாழ்த்துக்கள் தங்கச்சி" என்றார் அபூ வஜீஹ், நல்ல நாற்காலியில் உட்கார்ந்தபடி. "நாங்க ரெண்டு பேரும் சரின்னு சொன்ன ஒரே ஆளு உன் புருஷன்தான்."

"தலைவர் வர்ற வரைக்கும் ஒண்ணும் கவலைப்படாதீங்க மேடம். துணைத் தலைவரா நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். மேல் ஊரை இவர் பாத்துப்பாரு, கீழ் ஊரை நான் பாத்துக்கறேன்" என்றார் ரைமோன்.

அக்கா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்ப வருவார்?"

"கடவுள் புண்ணியத்துல சீக்கிரமே" என்றார்கள். இரண்டு குரலும் ஒன்றாக வந்தது. இந்த ஆறு வருடத்தில் அவர்கள் சேர்ந்து சொன்னது அந்த ஒன்றைத்தான்.

நான் தட்டை நீட்டினேன். எடுத்துக்கொண்டார்கள். ஏலக்காய் வாசனை நன்றாக இருக்கிறது என்று அபூ வஜீஹ் பாராட்டக்கூடச் செய்தார். உறிஞ்சி உறிஞ்சி அடிமண்டி வரை குடித்தார்கள்.

முதலில் ரைமோன் கோப்பையைத் தட்டில் வைத்தார். பிறகு அபூ வஜீஹ் வைத்தார்.

நான் நகராமல் நின்றேன். எதற்காக நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தத் 'தாய்மே' வராமல் போனபோதுதான் தெரிந்தது.

அபூ வஜீஹின் வாய் திறந்தது. அப்படியே மூடிக்கொண்டது. கைக்குட்டையை எடுத்து மீசையைத் துடைத்துக்கொண்டார். ரைமோன் மடியிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா என் தட்டிலிருந்த இரண்டு காலிக் கோப்பைகளையும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் விடைபெற்றுப் போனார்கள். அந்தக் கார் கண்ணிலிருந்து மறைவதற்குள் அடுத்த கூட்டம் ஹாரன் அடித்துக்கொண்டு மேடேறி வந்தது.

சமையலறைக்குப் போய்த் தண்ணீர் வைத்தேன். சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். அக்கா பின்னாலேயே வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"போடாதே" என்றாள்.