ரியாக்டர் ரூம் சாவி

“ரியாக்டர் ரூம் சாவி எங்க அக்கா?”

“என்கிட்டதான் இருக்கு. இனிமே என்கிட்டயேதான் இருக்கும்.”

சீனியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆய்வகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சிடுமூஞ்சி. சும்மா ஒன்றும் வைக்கவில்லை.

இளையவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயிர்க்கழிவிலிருந்து எடுக்கிற கார்பன் மோனாக்சைடு வாயுவை மெத்தனாலாக மாற்றும் வினையூக்கி அவள் செய்தது. கைப்பிடி கறுப்புத் தூள்தான். அதற்காகக் கல்யாண நாளையே மறந்து, வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அதை ரியாக்டரில் போட்டு ஓட்டிப் பார்க்கிற நேரத்தில் கதவைப் பூட்டுவதாம்!

“போன வாரம் வாயு கசிஞ்சு அலாரம் அடிச்சதே, அதுக்கா? அதான் சரி பண்ணியாச்சே!”

“நான் ஓட்டறேன். நீ வெளிய உட்கார்ந்து கணக்கு மட்டும் பாரு.”

பக்கத்து மேஜைத் தாடிக்காரன் குனிந்து கிசுகிசுத்தான். “சமைச்சது நீ, சாப்பிடறது அவங்க. ஆராய்ச்சிக் கட்டுரையில முதல் பேர் யாருதுன்னு பாரு.”

சாயங்காலம் முடிவு வந்தது. வினையூக்கி நினைத்ததைவிட நன்றாக வேலை செய்திருந்தது. சீனியர் இயக்குநருக்கு அனுப்பிய மெயிலில் ஒரே ஒரு பெயர். இளையவளுடையது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நேரே போய் நின்றாள்.

“பேரு வேண்டாம்னா எதுக்குக்கா கதவைப் பூட்டினீங்க? எல்லாரும் உங்களை என்னென்னவோ பேசறாங்க.”

“பேசட்டும். கதவை மூடு, சொல்றேன்.”

மூடினாள்.

“அன்னைக்கு அலாரம் அடிச்சப்போ எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடினாங்க. நீ வயித்தைப் பொத்திக்கிட்டு ஓடின.”

இளையவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம். சொன்னால் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்களோ என்று பயம்.

“டாக்டர்கிட்ட போனியா?”

“மறுநாளே போனேன். ஒண்ணும் பயமில்லைன்னாங்க.” சீனியரை நிமிர்ந்து பார்த்தாள். “காரணத்தைச் சொல்லியிருக்கலாமேக்கா. எதுக்கு வீணா கெட்ட பேரு?”

“நீயே சொல்லாததை நான் எப்படிடி ஊருக்குச் சொல்றது? அந்த வாயு உன்னைவிட உள்ள இருக்கறதுக்குத்தான் ஆகவே ஆகாது.”

சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள் சிடுமூஞ்சி.

“என் வயித்துல ஒண்ணு இருந்தப்போ, எனக்குக் கதவைப் பூட்ட யாருமே இல்லம்மா.”