நரம்பு அறுத்த பக்கம்

இருட்டறையில் ஆய்வாளர் நுண்ணோக்கியின் மேல் குனிந்திருக்கிறாள். எலியின் வலது அட்ரீனல் சுரப்பிக்குப் போகும் நரம்பு அப்படியே இருக்கிறது. அதில் சுரப்பி தயாரிக்கும் ரசாயனத் தூது, சாயம் ஏற்றியதில், நாலைந்து பச்சைப் புள்ளிகளாகத்தான் மின்னுகிறது. நரம்பை அறுத்துவிட்ட இடது சுரப்பியோ பச்சைப்பசேலென்று ஜொலிக்கிறது. "லேபிளை மாத்தி ஒட்டித் தொலைச்சிட்டேனா மேடம்?" என்று டெக்னீஷியன் தலையைச் சொறிகிறார். "இல்லண்ணே, சரியாத்தான் ஒட்டியிருக்கீங்க. கொடுன்னு கேக்க நரம்பு இல்ல. ஆனா இந்தச் சுரப்பி தயாரிக்கிறத நிறுத்தல, சேத்துச் சேத்து வச்சிருக்கு." அவளுடைய அக்கா அவளோடு பேச்சை முறித்துக்கொண்டு ஏழு மாதமாகிறது. மேசையில் கவிழ்ந்து கிடக்கும் போனில், அக்காவுக்கு எழுதி அனுப்பாத சேதிகள் நாற்பதுக்கு மேல். "அடுத்த ஸ்லைடு வைக்கட்டுமா?" "இருங்கண்ணே," என்கிறாள், கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிறேன்."