ஏறாத போட்டோ

ராபின் வீசிய வேகத்தில் மனைவி ஜோஸ்லினின் செல்போன் சுவரில் மோதிச் சிதறியது. மிச்சத்தைச் சுத்தியலால் நசுக்கினான். அடுத்த குத்து அவள் வாயில் விழுந்தது. உதடு கிழிந்தது.

"நான் அடிச்ச காயத்தையெல்லாம் போட்டோ எடுத்து வச்சிருக்கியா? இப்போ போலீஸ்ல எதைக் காட்டுவே?"

"பேக்கப் இருக்கு."

தீவில், டாலிகஞ்ச் பகுதியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவன், விழுந்து விழுந்து சிரித்தான்.

"அரே, பேக்கப் போட உனக்குத் தெரியுமாடி?"

"தெரியாது." ரத்தத்தைத் துடைத்தாள். "நம்ம கல்யாண போட்டோ மெயின்லேண்டுல இருக்கிற எங்கண்ணன் கம்ப்யூட்டருக்கு ஏறமாட்டேங்குதுன்னு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து கேட்டேனே? முட்டாள் முட்டாள்னு தலையில குட்டிக்கிட்டே நீங்கதானே சரிபண்ணிக் கொடுத்தீங்க? கல்யாண போட்டோவுக்குப் பின்னாடியே மத்ததும் ஏறிடுச்சு."